பி.காம் படிக்கிறவனுக்கு எதுக்கு பவர் சீரிஸ்?

"டெபிட், கிரெடிட், டேலி, ஜி.எஸ்.டி... இதுக்கு நடுவுல உனக்கு எதுக்குடா கால்குலஸ்?" இந்தக் கேள்வியைக் கேட்காத ஆளே இல்லை. கூட பி.காம் படிக்கிற மக்கள் கேட்டால் பரவாயில்லை, பி.எஸ்சி கணிதம் படிக்கிற நண்பர்களும் அதையேதான் கேட்கிறார்கள், அதுவும் ஒரு மாதிரி சிரிப்போடு. ஏதோ அவர்கள் வீட்டுக் கொல்லையில் நான் மாங்காய் பறிக்க வந்த மாதிரி :-)

சரி, பதில் சொல்லிவிடுகிறேன். பவர் சீரிஸ் (தமிழில் அடுக்குத் தொடர்) என்பது கணிதத் துறைக்காரர்களைவிட எங்களுக்குத்தான் சீக்கிரம் புரிய வேண்டிய விஷயம் என்பது என் கட்சி. அதைச் சொல்லிக்கொடுக்கும் விதத்தில் எங்கே கோட்டை விடுகிறோம் என்பதும் கணக்குப்பிள்ளைக் கண்ணோடு பார்த்தால்தான் தெரிகிறது.

கடலூரில் என் நண்பன் ஒருவன் பி.எஸ்சி கணிதம் படிக்கிறான். அவன் நோட்டை வாங்கிப் புரட்டினேன். 'பின்வரும் சார்புகளை அடுக்குத் தொடராக எழுதுக' என்று ஒரு பயிற்சி, பத்து கணக்கு. பத்துக்கும் பதில் ஒரே மாதிரி முடிகிறது: முதல் நான்கு உறுப்பு, அப்புறம் மூன்று புள்ளி. அந்த மூன்று புள்ளிக்குள் எவ்வளவு இருக்கிறது என்று பத்தில் ஒரு கணக்குகூடக் கேட்கவில்லை. யோசித்துப் பாருங்கள், நாங்கள் ஒரு பேலன்ஸ் ஷீட் எழுதி, கடைசியில் மூன்று புள்ளி வைத்து முடித்தால் ஆடிட்டர் சும்மா விடுவாரா? "பாக்கி எவ்வளவுய்யா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. தொடரின் முதல் கேள்வியும் அதுதான்.

முதலில், முடிவே இல்லாத கூட்டல் எப்படி ஒரு முடிவான தொகையாகும் என்ற சந்தேகம். கணித வகுப்பில் இதற்கு ஒரு வாரம் ஆகிறதாம். தமிழ்நாட்டில் கோயில் பக்கம் வளர்ந்தவனுக்கு இது சந்தேகமே இல்லை. 'கட்டளை' என்றால் என்ன? ஒரு தொகையைப் போட்டு வைக்கிறோம், அதன் வட்டியில் வருஷா வருஷம் பூஜை நடக்கிறது, 'என்றென்றைக்கும்'. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிய 96 ஆடுகள் கொடுத்ததாகப் பல இடங்களில் வருகிறது. அந்த ஆடுகளுக்கு 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். சாகாத, மூப்படையாத ஆடு! செத்ததுக்குப் பதில் குட்டி வந்து எண்ணிக்கை குறையாமல் இருக்கும் என்பது கணக்கு. முடிவில்லாத நாட்களின் நெய்யை 96 என்ற ஒரு எண்ணுக்குள் அடைத்திருக்கிறார்கள். 

இன்றைய பாஷையில் சொன்னால்: வருஷக் கடைசியில் 5,000 ரூபாய் வீதம் என்றென்றைக்கும் வேண்டும், வட்டி 8% என்றால் இன்றைக்கு எவ்வளவு போட வேண்டும்? 5,000 வகுத்தல் 0.08, ஆக 62,500. இந்தச் சூத்திரம் எங்களுக்கு மனப்பாடம். ஆனால் அது எங்கிருந்து வந்தது? முதல் வருஷத்து 5,000-ன் இன்றைய மதிப்பு 5,000/1.08. அடுத்த வருஷத்துக்கு 5,000/1.08². அடுத்து 5,000/1.08³. இப்படியே போய்க்கொண்டிருக்கும் பெருக்குத் தொடரின் கூடுதல்தான் 62,500. கணிதப் புத்தகம் இதையே

1/(1−ப) = 1 + ப + ப² + ப³ + ...

என்று எழுதுகிறது. இடது பக்கம் ஒரு சார்பு, வலது பக்கம் ப-வின் அடுக்குகளின் கூட்டல். அடுக்குத் தொடர் என்றால் இவ்வளவுதான். மற்ற தொடர்களில் பாதி இதைத் தொகையிட்டும் வகையிட்டும் பிறந்த பிள்ளைகள்.

இப்போது ஆடிட்டர் கேள்வி. 50 வருஷத்தோடு நிறுத்திவிட்டால் பாக்கி எவ்வளவு? 1.08-ஐ 50 தடவை பெருக்கினால் சுமார் 46.9 வரும். 62,500-ஐ அதால் வகுத்தால் சுமார் 1,333 ரூபாய். அதாவது 50 வருஷத்துக்கு அப்புறம் வரும் முடிவில்லாத காலம் மொத்தத்துக்கும் இன்றைய விலை வெறும் 1,333 ரூபாய்! நம் பேரன், அவன் பேரன், அதற்கப்புறம் பிரளயம் வரைக்கும் எல்லாம் சேர்த்து. மூன்று புள்ளிக்குள் இருப்பது இவ்வளவுதான் என்று தெரிந்த பிறகுதான் எனக்கு 'ஒருங்கும் தொடர்' என்ற வார்த்தைக்கே அர்த்தம் வந்தது. எப்சிலான் டெல்டாவில் வரவில்லை.

ப-வின் மதிப்பு 1-ஐ விடச் சிறியதாக இருக்கும் வரைதான் இந்தக் கதை. ப = 2 என்று போட்டால் இடது பக்கம் −1, வலது பக்கம் 1 + 2 + 4 + 8 என்று எகிறிக்கொண்டே போகும். சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தவன் இங்கே மாட்டுவான். எந்த எல்லைக்குள் செல்லும் என்பதும் சேர்ந்ததுதான் சூத்திரம்.

அடுத்து பைக் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் இந்த வருஷம் பைக் வாங்கும் யோசனையில் இருக்கிறார்கள்.

60,000 ரூபாய் கடன், '10% பிளாட்', 24 மாதத் தவணை என்று வைத்துக்கொள்வோம். பிளாட் என்றால் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி வரை வட்டி. வருஷத்துக்கு 6,000, ரெண்டு வருஷத்துக்கு 12,000. மொத்தம் 72,000, மாதம் 3,000. கணக்கு சுத்தமாக இருக்கிறது, யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் முதல் தவணை கட்டிய மறுநாளே உங்கள் கையில் முழு 60,000 இல்லை. பாதித் தவணை முடியும்போது கிட்டத்தட்டப் பாதிக் கடன்தான் பாக்கி. வட்டி மட்டும் முழுசுக்கும் ஓடுகிறது. அப்படியானால் உண்மையான வட்டி எவ்வளவு?

மாத வட்டி வ என்று வைத்தால், 24 தவணைகளின் இன்றைய மதிப்பு 60,000 ஆக வேண்டும். அதாவது 1/(1+வ), 1/(1+வ)² என்று 24 வரை கூட்டினால் 60,000/3,000 = 20 வர வேண்டும். வ-வைத் தனியாகப் பிரித்தெடுக்க நேரடிச் சூத்திரம் கிடையாது. இங்கேதான் சார்பைத் தொடராக விரிப்பது கைகொடுக்கிறது. ஒவ்வொன்றையும் விரித்துக் கூட்டினால்:

20 = 24 − 300வ + 2600வ² − ...

(300 என்பது 1 முதல் 24 வரை கூட்டியது. 2600-ஐ நீங்களே கண்டுபிடியுங்கள், ஜாலியாக இருக்கும்.)

முதல் இரண்டு உறுப்போடு நிறுத்தினால் வ = 4/300, மாதம் 1.33%, வருஷத்துக்கு 16%. மூன்றாவதையும் சேர்த்தால் ஒரு சாதாரண இருபடிச் சமன்பாடு. வர்க்கமூலத்துக்குள் 48,400 வருகிறது, அது சரியாக 220. வ = 80/5200, மாதம் 1.54%, வருஷத்துக்கு சுமார் 18.5%. ஏற்ற இறக்கமாகக் குறி மாறும் தொடர் என்பதால் முதல் விடை குறைவு, இரண்டாவது விடை அதிகம். உண்மை இரண்டுக்கும் நடுவில். எக்செல்லில் ரேட் என்ற சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன்: சுமார் 18.2%. '10%' என்று ஆரம்பித்த கதை இங்கே வந்து நிற்கிறது.

"எக்செல்லே சொல்லிடுதே, அப்புறம் எதுக்கு தொடர்?" என்பீர்கள். எக்செல்லும் அந்த ரேட் விடையை ஒரேயடியாகக் கண்டுபிடிப்பதில்லை. ஒரு ஊகத்தில் ஆரம்பித்து, திருத்தித் திருத்தி நெருங்குகிறது. 20 தடவைக்குள் நெருங்க முடியாவிட்டால் பிழை என்று காட்டிவிட்டுக் கையை விரித்துவிடும். இரண்டாவது, ஷோரூம் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது 16-க்கும் 18.5-க்கும் நடுவில் என்று ஒரு துண்டுச் சீட்டில் போட்டுப் பார்க்கத் தெரிந்தால், அந்தப் பேச்சின் தொனியே மாறும். 2024 அக்டோபர் முதல் தனிநபர் கடன்களுக்கு எல்லாம் உண்மையான வருடாந்திர விகிதத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் அந்தத் தாள் கையெழுத்துப் போடும் நேரத்தில்தான் வரும், பைக்கின் கலர்கூட அதற்குள் முடிவாகியிருக்கும்!

'72 விதி'யும் இதே குடும்பம்தான். 8% வட்டியில் பணம் இரட்டிப்பாக 72/8 = 9 வருஷம் என்போம். இந்த 72 எங்கிருந்து வந்தது என்று பலரிடம் கேட்டுப் பார்த்தேன், "ரூல்டா அது" என்பதே பதில். 1668-ல் நிக்கோலஸ் மெர்க்காட்டர் என்பவர் அச்சிட்ட மடக்கைத் தொடர் இது:

மடக்கை(1+வ) = வ − வ²/2 + வ³/3 − ...

நம் பெருக்குத் தொடரைத் தொகையிட்டாலே வந்துவிடும். 2-ன் இயல் மடக்கை 0.693. முதல் உறுப்போடு நிறுத்தினால் விதி '69.3' ஆக இருக்க வேண்டும். இரண்டாவது உறுப்பையும் சேர்த்தால் 69.3-ஐ (1 + வ/2) ஆல் பெருக்க வேண்டும். வ = 0.08 என்றால் 69.3 × 1.04, கிட்டத்தட்ட 72. ஆக 72 என்பது 8% பக்கத்து வட்டிக்கு மட்டும் தைத்த சட்டை. ஊரில் 'ரெண்டு வட்டி'க்கு (மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய்) வாங்கி, வட்டியும் கட்டாமல் வட்டிக்கு வட்டி ஏறினால், 72 விதி 36 மாதம் என்று சொல்லும். உண்மையில் 35-வது மாதமே கடன் இரட்டிப்பாகிவிடும். அங்கே சரியான எண் 70. விதியை மட்டும் வைத்திருப்பவனுக்கு இது தெரியாது, தொடரை வைத்திருப்பவனுக்குத் தெரியும்.

இந்த 'பாக்கி எவ்வளவு' கேள்வியை நம் பக்கத்து ஆட்கள் எப்போதோ கேட்டுவிட்டார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. 14-ஆம் நூற்றாண்டில் கேரளத்தில் வாழ்ந்த சங்கமகிராமத்து மாதவர், அவர் வழிவந்தவர்கள். வட்டத்துக்கும் சைனுக்கும் கொசைனுக்கும் தொடர் எழுதியவர்கள் இவர்கள். பை என்ற எண்ணுக்கு அவர்கள் தொடர்:

பை = 4 − 4/3 + 4/5 − 4/7 + ...

ஐரோப்பாவில் இது லைப்னிட்ஸ் பெயரில், 1670-களில். பார்க்க அழகு, பயன்பாட்டில் படு மந்தம். பத்து உறுப்பைக் கூட்டினால் 3.0418396 தான் வரும். இப்படியே போனால் ஆறு தசம இடம் சரியாக வர பத்து லட்சம் உறுப்பு கூட்ட வேண்டும். மாதவர் மரபினர் என்ன செய்தார்கள் தெரியுமா? நிறுத்திய இடத்தில் பாக்கி எவ்வளவு இருக்கும் என்று மதிப்பிட்டுச் சேர்த்துவிட்டார்கள். பத்து உறுப்புக்கு அவர்களுடைய முதல் திருத்தம் 1/10. சேர்த்தால் 3.1418. அதைவிட நல்ல திருத்தம் 40/401. சேர்த்தால் 3.1415902. மூன்றாவது திருத்தம் 404/4050. சேர்த்தால் 3.1415927. ஏழு தசம இடம் சரி! பத்து லட்சம் உறுப்பு வேலையைப் பத்து உறுப்பும் ஒரு பின்னமும் செய்கின்றன. நான் இதைச் சாதாரண கால்குலேட்டரில் மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், நம்ப முடியாமல். நீங்களும் போட்டுப் பாருங்கள், ஐந்து நிமிஷ வேலை.

இவற்றையெல்லாம் விளக்கி ஜேஷ்டதேவர் 'யுக்திபாஷா' என்று ஒரு நூல் எழுதினார், 1530 வாக்கில். அது சமஸ்கிருதச் செய்யுளில் இல்லை, மலையாள உரைநடையில். ஏன் இப்படி வருகிறது என்று பேச்சு மொழிக்குப் பக்கத்திலான மொழியில் காரணம் சொல்லிப் போகும் நூல். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரர்கள் தாய்மொழியில் விளக்கியதை, பிளஸ் டூ வரை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வருகிற பையன் இன்று ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறான். எனக்கு இதில் கோபம்தான் வருகிறது, பெருமை அப்புறம்.

மனப்பாடம் ஒன்றுக்கும் உதவாது என்று சொல்லவும் மாட்டேன். ஜான் வாரன் என்பவர் 1825-ல் சென்னையில் அச்சான 'கால சங்கலித' என்ற தன் நூலில் ஒரு சம்பவம் சொல்கிறார். நம் கடலூருக்குப் பக்கத்தில், பாண்டிச்சேரியில், தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழிகளை அடுக்கியும் நகர்த்தியும் மனப்பாட வாய்பாடுகளை வைத்தே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கிரகணத்தின் தொடக்கத்தில் 4 நிமிஷம்தான் பிழை. முடிவில் 52 நிமிஷம். அடிப்படைத் தத்துவம் எதுவும் அவருக்குத் தெரியாது என்று வாரனே எழுதுகிறார். அசாத்தியமான ஞாபகசக்திதான், தலை வணங்குகிறேன். ஆனால் 4 நிமிஷம் எப்படி 52 ஆனது என்று அவரைக் கேட்டால் அவரால் சொல்லியிருக்க முடியாது. நம் தேர்வு முறை உருவாக்குவதும் அவரைத்தான், சோழி மட்டும் இல்லை.

ராமானுஜன் இல்லாமல் தொடர் பற்றி எழுதினால் கும்பகோணத்துக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அவர் கதையில் எங்கள் மாவட்டத்துக்கும் ஒரு காட்சி உண்டு. 1910-ல் வேலை கேட்டு அவர் போனது திருக்கோவிலூருக்கு. கடலூரைத் தலைநகராகக் கொண்ட அன்றைய தென்னாற்காடு மாவட்டம். அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமசாமி ஐயர், இந்தியக் கணிதக் கழகத்தை 1907-ல் ஆரம்பித்தவர். ராமானுஜன் கேட்டது ஒரு குமாஸ்தா வேலை. நோட்டைப் புரட்டிப் பார்த்த ஐயர், ரெவின்யூ துறையின் கடைசிப் படியில் உட்கார வைத்து இந்த மேதையை அமுக்க மனமில்லாமல் சென்னைக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். 1912-ல் அவருக்கு வேலை கிடைத்தது சென்னை துறைமுகத்தில், எந்தப் பிரிவில் தெரியுமா? அக்கவுண்ட்ஸ்! 1913 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டதே கணக்குப் பிரிவு குமாஸ்தா என்றுதான். (கணிதத் துறை நண்பர்கள் கவனிக்க :-)

1914-ல் அவர் வெளியிட்ட பை தொடர்களில் ஒன்று, முதல் உறுப்பை மட்டும் எடுத்தாலே 3.1415927 தருகிறது. அதற்குமேல் ஒவ்வொரு உறுப்புக்கும் சுமார் எட்டு இலக்கம் சேர்கிறது. 1985-ல் பில் காஸ்பர் அதை வைத்து 1 கோடியே 70 லட்சம் இலக்கத்துக்குமேல் கணினியில் கணக்கிட்டார். ராமானுஜனை நாமக்கல் தாயார் கனவோடு முடித்துவிடுகிறோம். எனக்கென்னவோ, ஒரே எண்ணுக்கு மந்தமான தொடரும் உண்டு, பாக்கியே மிஞ்சாத மாதிரி ஓடும் தொடரும் உண்டு என்பதை வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிக் காட்டினால், கனவுக் கதையைவிட அதிகம் பேர் நிமிர்ந்து உட்காருவார்கள் என்று தோன்றுகிறது.

நான் பெரிதாக எதையும் கேட்கவில்லை. பாடத்திட்டத்தைப் புரட்டிப் போட வேண்டாம். 'அடுக்குத் தொடராக எழுதுக' என்ற கேள்விக்குக் கீழே இரண்டு மார்க்குக்கு ஒரு உட்பிரிவு: 'மூன்றாவது உறுப்போடு நிறுத்தினால் பிழை எவ்வளவுக்கு மேல் போகாது?' அது போதும். அப்படியே பி.காம் வணிகக் கணிதத் தாளிலும் ஒரு அலகு: கட்டளை, தவணை, இரட்டிப்பு, இந்த மூன்றையும் தொடராக. வகையிடல் சூத்திரங்களைக் குறைத்துக்கொள்ளட்டும், யாரும் அழமாட்டோம்.

பைக் மக்களுக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்ன 60,000-ஐ அதே 10% பிளாட்டில் 60 மாதத்துக்கு இழுத்தால் (மாதம் 1,500, பார்க்க ஆசையாகத்தான் இருக்கும்) சமன்பாடு 40 = 60 − 1830வ + 37820வ² − ... என்று வரும். இரண்டு உறுப்புக்கு விடை 13.1%, மூன்று உறுப்புக்கு 20%. இடைவெளி இவ்வளவு அகலமாக இருந்தால் இன்னும் சில உறுப்பு வேண்டும் என்று அர்த்தம். உண்மை 17.3% பக்கத்தில்.